எட்டாவது குழிக்கு மேல் ஒரு பாட்டு அறை

ஆம்பூர்
4-11-2024, திங்கள்

தபரேஸ் பாய்க்கு,

போனில் பேசமாட்டேன், எதுவா இருந்தாலும் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு அனுப்புன்னு சொல்லிட்டுப் போனவன் நீ. எட்டு வருஷம் ஆச்சு. சரி, உன் கண்டிஷன்படியே எழுதறேன். பெரியமேட்டுக்குத் தினமும் காலை ரயிலில் போகிற நம்ம சாம்பிள் பையில், தோல் துண்டுகளோடு இதையும் வச்சிருக்கேன். பதில் எழுதினா சாயங்காலப் பையில் போடு, வந்துடும்.

விஷயத்துக்கு வர்றேன். நம்ம பழைய டேனரியோட, தோல் ஊறப் போடற சுண்ணாம்புக் குழி டிராயிங் உன்கிட்ட இருக்கு. எட்டுக் குழி, எந்தக் குழிக்கு வாய் எங்க, எவ்வளவு ஆழம்னு நீ உன் கையால போட்டது. அது வேணும். அந்த இடத்தில் நான் வீடு கட்டினது உனக்குத் தெரிஞ்சிருக்கும். மழைத் தண்ணிக்கு ஒரு தொட்டி தோண்டணும். எங்க தோண்டக்கூடாதுன்னு பாக்கத்தான்.

பொண்ணு எழில் வீட்டுக்கே வந்துட்டா. அவ அம்மா போனதுக்கு அப்புறம் இந்த வீட்டில் எனக்கு நானே டீ போட்டுக் குடிச்சிட்டிருந்தேன். படத்துக்கு சவுண்ட் மிக்ஸிங் பண்றா, உனக்குத் தெரியுமே. சென்னையில் ஸ்டுடியோ வாடகை, ஹாஸ்டல், பேஜார். "உனக்கு இங்கயே ஒரு ரூம் கட்டித் தர்றேன் வா"ன்னேன். நம்பாமத்தான் வந்தா. வந்ததும் பையைக்கூட இறக்காம ரூமைச் சுத்திச் சுத்திப் பாத்தா.

ரூமில் ரெண்டு பதினெட்டு இன்ச் பாஸ் ஸ்பீக்கர் இருக்கு பாய். ஆனா எங்க இருக்குன்னு நீ கண்டுபிடிக்க முடியாது. பெரிய பெட்டி வச்சா கல்யாண மண்டபத்து மைக் செட் மாதிரி இருக்கும்னு எழிலே சொன்னா. அதனால ஒரு மரமேடை போட்டு, நம்ம பிரவுன் ஃபினிஷ் தோலை ஒட்டி, மேல சோபா போட்டேன். ஸ்பீக்கர் மேடைக்குள்ள. மேடை முகப்பில் ரெண்டு விரல் அகலத்துக்கு ஒரு இடுக்கு, அவ்வளவுதான். பாட்டுப் போட்டா சத்தம் தரையிலிருந்து கிளம்பி முதுகுத்தண்டில் ஏறுது. சவுண்ட் வேலை பாக்கற காட்பாடி சாமுவேல்தான் செஞ்சான். நல்ல வேலைக்காரன்.

ஒரே குறை. ஒரு வாரமா எழில், "அப்பா, பாட்டு ஓடாதப்பவும் யாரோ பின்னாடி நிக்கற மாதிரி இருக்கு"ங்கறா. பட்டப்பகல்ல! பாஸ் ஜாஸ்தியா கேட்டா அப்படித்தான் இருக்கும்னு சாமுவேல் சிரிக்கறான். நானும் சிரிச்சேன். ஆனா நேத்து நானே அங்க பத்து நிமிஷம் உக்காந்தேன். சும்மா இருக்கும்போது நெஞ்சு படபடங்குது. எழுந்து வந்துட்டேன்.

டிராயிங்கை அனுப்பு.

கோதண்டபாணி

•

பெரியமேடு, சென்னை
6-11-2024

கோதண்டபாணி அவர்களுக்கு,

சலாம். உங்கள் கடிதம் கிடைத்தது. எழிலரசி வீட்டுக்கு வந்தது சந்தோஷம். வீட்டில் ரஃபத் ஜஹான் அவளை ரொம்ப விசாரித்தாள். அந்தப் பிள்ளை எங்கள் வீட்டு நோன்புக் கஞ்சிக்குச் சண்டை போட்டதை இப்போதும் சொல்லிச் சிரிப்பாள்.

டிராயிங் என்னிடம் இருக்கிறது. அனுப்புவதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். எட்டுக் குழியையும் மண் போட்டு மூடியாகிவிட்டது என்று அன்று நீங்கள் சொன்னீர்கள். கூட்டாளி என்ற முறையில் அதிகாரிகளுக்குக் கொடுத்த தாளில் நானும் கையெழுத்துப் போட்டேன். மூடின குழிக்கு டிராயிங் எதற்கு? மண் நிரம்பின இடத்தில் எங்கே தோண்டினால் என்ன?

நான் ஏன் எல்லாவற்றையும் எழுத்தில் கேட்கிறேன் என்று உங்களுக்கு மறந்திருக்காது. எட்டாவது குழியில் நம் வேலையாள் ஆதிகேசவன் விழுந்த அன்று அவனைத் தூக்க இறங்கியவன் நான். அவன் மேலே வரும்போது உயிர் இல்லை. அவன் பெஞ்சாதி முனியம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தபோது, "குடிச்சிட்டு வந்து விழுந்துட்டான்" என்று நீங்கள் சொன்னீர்கள். அந்த வார்த்தைக்காகத்தான் நான் ஆம்பூரை விட்டேன்.

அன்றிலிருந்து எனக்கு மோப்பம் போய்விட்டது. வீட்டில் பிரியாணி தம் உடைத்தால் பிள்ளைகள் ஓடி வருவார்கள். எனக்கு அது வெறும் ஆவி.

ஒரே ஒரு வார்த்தை எழுதுங்கள். எட்டாவது குழியை மூடினீர்களா? ஆமாம், இல்லை. அது போதும்.

தபரேஸ்

•

ஆம்பூர்
9-11-2024, சனி, காலை

தபரேஸ்,

ஆமாம். மூடியாச்சு. அத்தனையும். கையெழுத்தோட எழுதறேன், போதுமா? செத்தவனைத் தோண்டி எடுத்து வச்சு எட்டு வருஷம் கழிச்சு என்னைக் கேள்வி கேக்காதே. எனக்கு இங்க ஆயிரம் தலைவலி.

தலைவலின்னு சும்மா எழுதல. எழிலுக்குத்தான். காலையில் ரூமுக்குப் போனா மத்தியானம் நெத்தியைப் பிடிச்சிட்டு வர்றா. கண்ணு எரியுதுங்கறா. புதன்கிழமை வாந்தி. டாக்டர் கம்ப்யூட்டரைக் கம்மியா பாரும்மான்னு சொட்டு மருந்து குடுத்தாரு. முதல் ரெண்டு நாள் முட்டை அழுகின மாதிரி நாத்தம் வருதுன்னா. ஆம்பூர்ல நாத்தம் எங்க இல்ல? எனக்கு ஒண்ணும் வரல. இப்ப அவளுக்கும் வரலையாம்.

சுத்தி எல்லாரும் ஏமாத்தறவனா இருக்கான். ஏ.சி. வாங்கி நாலு மாசம், மூணு தடவை கேஸ் போயிடுச்சு. மெக்கானிக் கழட்டிக் காட்டறான், செம்புக் குழாய் அடுப்புக் கரி மாதிரி கறுத்திருக்கு. மட்டமான சரக்கைத் தலையில கட்டிட்டான். எழிலுக்கு வேலூர் லாங் பஜாரில் வாங்கின கொலுசு, வெள்ளின்னு சத்தியம் பண்ணிக் குடுத்தாரு சேட்டு, ஒரே மாசத்தில் கறுப்பு. நேரா போய் மேசையில போட்டுச் சண்டை பிடிச்சேன். "சார், இது சுத்த வெள்ளி. உங்க வீட்ல இன்னா இருக்குன்னு பாருங்க"ங்கறான். திமிர்.

இப்ப ஸ்பீக்கரும். ரெண்டுல ஒண்ணு ஊமையாயிடுச்சு. சாமுவேல் புதன்கிழமை வந்து அதைக் கழட்டிட்டுப் போனான். ஒயரெல்லாம் கருகின மாதிரி இருக்கு சார், ஆனா சூடு பட்ட கருகல் இல்லங்கறான். ஓட்டைக்கு மேல ஒரு பிளைவுட் போட்டு வச்சிருக்கான். நாளைக்கு ஞாயித்துக்கிழமை காலையில் வந்து கீழே இறங்கிப் பாக்கறேன்னு சொல்லியிருக்கான். மேடையைப் பிரிச்சா தோல் வீணாயிடும், வெளியிலிருந்து இறங்க வாய் எங்க இருக்குன்னு தெரிஞ்சா நல்லது. அதுக்குத்தான் டிராயிங்.

திங்கக்கிழமை எழில் ஒரு படத்தோட ரீலை முடிச்சுக் குடுக்கணும். அது நின்னா, அவ மறுபடி சென்னைக்கே மூட்டை கட்டிடுவா. எனக்கு அந்தப் பயம்தான். இன்னிக்கு சாயங்காலப் பையிலேயே டிராயிங்கைப் போடு.

கோதண்டபாணி

•

பெரியமேடு
9-11-2024, மத்தியானம் 2 மணி

பாணி,

கீழே என்று எழுதியிருக்கிறாய். எந்தக் கீழே? மேடைக்குக் கீழே தரைதானே இருக்க வேண்டும்? மண் போட்டு மூடின இடத்தில் ஒரு மனுஷன் எப்படி இறங்குவான்?

நீ அந்த ஸ்பீக்கரை எட்டாவது குழிக்கு மேல் வைத்திருக்கிறாய்.

உன் நம்பருக்கு ஆறு தடவை அடித்தேன். எட்டு வருஷத்தில் முதல் தடவை. என்னை நீ பிளாக் செய்து வைத்திருக்கிறாய். ரஃபத் போனிலிருந்து அடித்தாலும் எடுக்கவில்லை. எழிலின் பழைய நம்பர் உபயோகத்தில் இல்லை. சாம்பிள் பை ஆளிடம் சொல்லியிருக்கிறேன்: ஸ்டேஷனில் இறங்கினதும் கடைக்குப் போகாதே, நேரே வீட்டுக்குப் போய் இதை அவர் கையில் கொடு, படிக்கிறவரை நகராதே என்று.

உட்கார்ந்து படி. நிதானமாகப் படி.

உன்னை ஒருவனும் ஏமாற்றவில்லை. ஏ.சி.காரன் ஏமாற்றவில்லை. கொலுசு நல்ல வெள்ளி. வெள்ளியையும் செம்பையும் கறுக்க வைப்பது எது என்று முடி உதிர முப்பது வருஷம் தோலில் சல்ஃபைடு போட்ட உனக்கு நான் சொல்ல வேண்டுமா? குழி அடியில் பழைய சேறு கிடக்கிறது. மழைக்கு ஊற்றுத் தண்ணீர் ஏறியிருக்கும். சேறு மறுபடி பொங்குகிறது. அந்தச் சல்ஃபைடு வாயு மேலே வர வழி இல்லாமல் இருந்தது. மேலே வெறும் ஸ்லாப்தான் போட்டிருப்பாய், அதில் ஸ்பீக்கருக்கு ரெண்டு ஓட்டை போட்டு வழி கொடுத்தாய். ஸ்பீக்கர் ஒவ்வொரு தடவை அதிரும்போதும் துருத்தி மாதிரி அதை ரூமுக்குள் தள்ளுகிறது. சத்தம் வெளியே போகாமல் ஜன்னல் எல்லாம் அடைத்த ரூம். அதற்குள் நம் பிள்ளை ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறாள்.

நாத்தம் நின்றுவிட்டது என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததும்தான் போனைக் கையில் எடுத்தேன். நான் குழியில் இறங்கும்போது முதல் படியில் அழுகின முட்டை. மூன்றாவது படியில் ஒன்றுமே இல்லை. அப்பாடா, போய்விட்டது என்று நினைத்தேன். போனது வாயு இல்லை, என் மூக்கு. அதற்கு அப்புறம் கால் என்னுடையதாக இல்லை.

எழிலை இந்த நிமிஷம் வெளியே கொண்டுவா. அந்த ரூமுக்குள் யாரும் போகக்கூடாது. கதவை வெளியிலிருந்து பூட்டு. சாமுவேலை இறங்க விடாதே. இறங்கினால் அவன் பிணமாகத்தான் வருவான். தூக்கப் போகிறவனும்தான். எழிலிடம் உண்மையைச் சொல். ஏன் என்று தெரிந்தால்தான் அவள் கேட்பாள்.

நீ எனக்குக் காலையில் கையெழுத்துப் போட்டு அனுப்பின பொய் என் முன்னால் இருக்கிறது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் பிள்ளை.

தபரேஸ்

•

ஆம்பூர்
சனி, சாயங்காலம் 6.30

தபரேஸ்,

உன் ஆள் நான் படிச்சு முடிக்கறவரை கேட்டிலேயே நின்னான். என் முகத்தைப் பார்த்துட்டு, "அண்ணே, தண்ணி குடிக்கறீங்களா?"ன்னு கேட்டான்.

எழிலை வெளியே வரச் சொல்லிட்டேன். வராண்டாவில் லேப்டாப்பை வச்சிட்டு முறைச்சிட்டு உக்காந்திருக்கா. ஜன்னலில் அடிச்ச அடைப்பையெல்லாம் பிடுங்கித் திறந்துட்டேன். மூச்சை அடக்கிட்டுத்தான் போனேன். சாமுவேலுக்கும் போன் பண்ணி, நாளைக்கு வா, ஆனா இறங்கற வேலை இல்லன்னு சொல்லிட்டேன்.

மூடல. எழுதிட்டேன், பாத்துக்கோ. ஏழு குழியை மூடினோம். எட்டாவதுக்கு மண் வர்ற அன்னிக்கு லாரி வரல, மறுநாள் அதிகாரிங்க வர்றாங்க. ஸ்லாப் போட்டு மேல மண்ணை இறைச்சுட்டேன். அப்புறம் மூடிக்கலாம்னு நினைச்சேன். அப்புறம் அந்த ஸ்லாபை உடைக்க எனக்குத் தைரியம் வரல. அவன் செத்த இடத்தை மறுபடி திறந்து பாக்க முடியல பாய். வீடு கட்டும்போது மேஸ்திரி, "தரை கெட்டியா இருக்கு சார்"ன்னான். விட்டுட்டேன். சாமுவேல், "அடியில வெத்து இடம் இருந்தா பெட்டியே வேணாம் சார், அந்தத் தொட்டியே பெட்டி"ன்னதும் எனக்கு ஒரே குஷி. சும்மா கிடந்தது ஒண்ணு உதவுதேன்னு. காங்க்ரீட் தொட்டின்னு அவன்கிட்டயும் சொன்னேன், எழில்கிட்டயும் சொன்னேன்.

எழில்கிட்ட இப்பவும் குழின்னு சொல்லல. ஏ.சி. கேஸ் லீக் ஆகுது, மெக்கானிக் ஏமாத்திட்டான்னு சொல்லியிருக்கேன். ஆதிகேசவன் கதையைச் சொன்னா அவ இந்த வீட்டிலேயே இருக்கமாட்டா. திங்கக்கிழமை அவ வேலை முடியட்டும், நானே சொல்றேன். ரூம் சாவி என் சட்டைப் பையில் இருக்கு.

தோல் லாரி டிரைவர் கிளம்பறான். அவன்கிட்ட குடுத்து அனுப்பறேன்.

கோதண்டபாணி

•

வேலூர், ஆஸ்பத்திரி
12-11-2024, செவ்வாய்

தபரேஸ்,

கண்ணைத் திறந்துட்டா. முதல்ல அதை எழுதிடறேன். நேத்து சாயங்காலம் திறந்தா. மூக்கில் இன்னும் ஆக்சிஜன் இருக்கு. கையைப் பிடிச்சா விரலை அசைக்கறா. பேச்சு ஒண்ணு ரெண்டு வார்த்தை, அதுவும் நர்ஸ்கிட்ட. என்கிட்ட இல்ல.

சாவி என் பையில் இருக்குன்னு எழுதினேன் இல்ல? அவகிட்ட இன்னொரு சாவி இருந்தது. அவ ரூமாச்சே.

ஞாயித்துக்கிழமை காலை எட்டரை. நான் பின்பக்கம் பல் தேய்ச்சிட்டு இருக்கேன். அவ ஹார்ட் டிஸ்க்கை எடுக்க நேரா உள்ள போயிருக்கா. ஏ.சி. ஓடல, ஜன்னல் திறந்திருக்கு, அப்புறம் இன்னா பயம்னு நினைச்சிருக்கா. நான் சொன்ன பொய்க்கு அதுதானே அர்த்தம். அதை மட்டும் எடுத்துட்டு வந்திருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. சாமுவேல் வர்றதுக்குள்ள அந்தத் தொட்டியை நாமே ஒரு தடவை எட்டிப் பாப்போம்னு மேடை மூடியைத் தூக்கி, பிளைவுட்டை நகர்த்திட்டு, டார்ச்சோட தலையை விட்டுக் குனிஞ்சிருக்கா.

எனக்குக் கேட்டது ஒரு சத்தம்தான். மூட்டை விழுந்த மாதிரி.

போனேன். கால் மட்டும் தெரியுது, தலை மேடைக்குள்ள. நீ எழுதினது ஞாபகம் இருந்தது, மூச்சைப் பிடிச்சேன். குனிஞ்சு அவ அக்குளில் கை குடுத்து இழுத்தேன். முப்பது வருஷம் ஈரத் தோல் கட்டைத் தூக்கின கை, என் பொண்ணைத் தூக்க முடியல. பாதியில் மூச்சு விட்டுடுச்சு. உள்ள இழுத்தேன். நாத்தமே இல்ல தபரேஸ். சுத்தமா ஒண்ணுமே இல்ல. அதுதான் எனக்கு உயிரே போன மாதிரி இருந்தது.

எப்படி வாசலுக்கு வந்தேன்னு தெரியல. கொஞ்ச தூரம் நடந்தேன், கொஞ்ச தூரம் தவழ்ந்தேன், அவ முடியைப் பிடிச்சா கையைப் பிடிச்சா இழுத்தேன்னு நினைவில்ல. கேட்டைப் பிடிச்சு எழுந்து நிக்கப் பாக்கறேன், முட்டி மடங்குது, இந்தப் பக்கம் சாயறேன், அந்தப் பக்கம் சாயறேன். வாயில் வார்த்தை வரல, எச்சில்தான் வழியுது. எதிர் வீட்டு வாசலில் ரெண்டு பேர் நின்னு பாக்கறாங்க. ஒருத்தன் சிரிச்சான். "இன்னாபா, கோதண்டபாணி ஐயா ஞாயித்துக்கிழமை காலையிலயே ஏத்திக்கினாரு!"

அவன் குத்தம் இல்ல. பாக்கறதுக்கு அப்படித்தான் இருந்திருக்கும்.

நல்லவேளை சாமுவேல் வண்டியில் வந்து இறங்கினான். அவன்தான் எழிலைப் பார்த்துக் கத்தி ஆள் கூட்டினான். உள்ள போகாதீங்கன்னு நான் கையை மட்டும் ஆட்டினேன். புரிஞ்சுக்கிட்டான். ரெண்டு பேரையும் தூக்கிப் போட்டுட்டு வேலூருக்கு வந்தான்.

நேத்து முழுக்க ஆஸ்பத்திரி பெஞ்சில் உக்காந்து ஒண்ணையே பாத்துட்டிருந்தேன். அன்னிக்கு ஆதிகேசவன் எட்டாவது குழி ஓரத்தில் நிக்கறான். நான் ஆபீஸ் ஜன்னலிலிருந்து பாக்கறேன். இந்தப் பக்கம் சாயறான், அந்தப் பக்கம் சாயறான். உள்ள விழறான். தள்ளாடினதை என் கண்ணால பாத்தேன், அதனால குடின்னு சொன்னேன். பாதி நிஜமாவே நம்பினேன். மீதிப் பாதி, அப்படி இருந்தா எனக்கு வசதி.

இதைக் கையெழுத்தோட எழுதறேன். நீ வச்சுக்கோ.

கோதண்டபாணி

•

பெரியமேடு
15-11-2024

பாணி,

நேற்று நானும் ரஃபத் ஜஹானும் வேலூர் வந்தோம். நீ போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருப்பதாக நர்ஸ் சொன்னாள். உனக்காகக் காத்திருக்கவில்லை. உன் முகத்தைப் பார்த்தால் என்ன பேசியிருப்பேன் என்று தெரியாது. எழுதுவதே எனக்கு நல்லது.

எழில் என்னைப் பார்த்ததும், "சாச்சா, எட்டு வருஷமா எங்க போனீங்க?" என்றாள். குரல் காற்று மாதிரி இருக்கிறது. அப்புறம் நேராகக் கேட்டாள்: "அங்க குழி இருக்குன்னு அப்பாவுக்குத் தெரியுமா?"

நான் பொய் சொல்லவில்லை. தெரியும் என்றேன். ஆதிகேசவனைப் பற்றியும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ரஃபத் அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

நீ எழுதினதற்குப் பதிலாக நானும் ஒன்று எழுத வேண்டும். இத்தனை வருஷமும் நான் உன்னைக் குற்றவாளியாக வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். ஆனால் அன்று நீ முனியம்மாவிடம் குடி என்று சொன்னபோது நான் நாலடி தள்ளித் தரையில் கிடந்தேன். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது. இல்லை அம்மா, அது குடி இல்லை என்று சொல்ல அன்று முடியாமல் இருந்திருக்கலாம். மறுநாள் முடிந்திருக்கும். அதற்கு அடுத்த நாளும். குழியை மூடினாயா என்று உன்னிடம் வாயால் கேட்டுவிட்டு, ஐம்பது அடி நடந்து போய்ப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டவனும் நான்தான்.

டிராயிங்கை இத்துடன் வைத்திருக்கிறேன். சாம்பிள் பை ஆள் சொன்ன அடையாளத்தை வைத்துப் பார்த்தால், எட்டாவது குழியின் வாய் உன் கார் நிறுத்துகிற இடத்துக்கு அடியில் வரும் என்று நினைக்கிறேன். சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறேன். சிலிண்டரும் முகமூடியும் வைத்து வேலை செய்கிற ஆட்களிடம் மட்டும் கொடு. விலை கம்மி என்று வேறு எவனையாவது கூட்டி வராதே. உன்னை எனக்குத் தெரியும்.

தபரேஸ்

•

விரிஞ்சிபுரம்
24-11-2024, ஞாயிறு

தபரேஸ்,

இதை எங்க உக்காந்து எழுதறேன்னு கடைசியில் சொல்றேன்.

குழி முடிஞ்சுது. சென்னையிலிருந்து ஆட்கள் வந்தாங்க, முதுகில் சிலிண்டர், முகத்தில் கண்ணாடி. ரெண்டு நாள் காத்தடிச்சு, மீட்டர் வச்சுப் பார்த்து, அப்புறம்தான் சேத்தை இழுத்தாங்க. நான் தெருவிலேயே நின்னேன், கேட்டுக்குள்ள கால் வைக்க முடியல. பதினோரு லாரி மண். கடைசி லாரி கொட்டறதை முழுசா நின்னு பார்த்து போட்டோ எடுத்தேன். உனக்கு ஒண்ணு வச்சிருக்கேன். மேடை, சோபா, மீதி இருந்த ஸ்பீக்கர் எல்லாத்தையும் சாமுவேல் பிரிச்சு எடுத்துட்டுப் போனான். "சார், என்னை இறங்க விட்டிருந்தீங்கன்னா..."ன்னு ஆரம்பிச்சான். முடிக்காம சோபாவைத் தூக்கினான்.

ஸ்டேஷனில் எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டேன். இன்னா ஆகும்னு வக்கீலைக் கேட்டா மூக்குக் கண்ணாடியைத் துடைக்கறாரு.

எழில் நேத்து டிஸ்சார்ஜ். கார் எடுத்துட்டுப் போனேன். பின் சீட்டில் உக்காந்தா. பள்ளிகொண்டா தாண்டினோம். அப்புறம், "வண்டியை ஓரம் கட்டுப்பா"ன்னா. கட்டினேன்.

"தெரிஞ்சே என்னை அங்க உக்கார வச்சியா?"

"இல்லம்மா. குழி இருக்குன்னு தெரியும். இப்படி ஆகும்னு தெரியாது."

"அந்த ஆள் செத்தப்ப தெரியும் இல்ல?"

நான் இன்ஜினை அணைச்சேன். லாரி ஒவ்வொண்ணா போகுது.

"அவரு சம்சாரம் இருக்காங்களா?"

"இருக்காங்க. விரிஞ்சிபுரத்தில்."

"போய் சொல்லிட்டு வா. பேப்பரில் எழுதி ஆள்கிட்ட குடுத்து அனுப்பாதே. நீ போ. அதுக்கு அப்புறம் நான் உன்கூட இருக்கறதா வேணாமான்னு பேசுவோம். அதுவரைக்கும் நான் ரஃபத் சாச்சி வீட்டில் இருக்கேன்."

இப்ப அவ உன் வீட்டில்தான் இருப்பா. நீ சொல்லாமலே தெரியும். அவளுக்கு இந்தக் கடிதத்தைப் படிச்சுக் காட்டு.

இன்னிக்கு மூணு மணிக்கு இங்க வந்தேன். கோயில் தாண்டி, ஆத்துப் பக்கம் ரெண்டாவது சந்து. முனியம்மா அடையாளம் கண்டுட்டாங்க. உக்காருன்னும் சொல்லல, போன்னும் சொல்லல. ஸ்டேஷனில் எழுதிக் குடுத்ததோட நகலைக் கையில் குடுத்தேன். "எனக்குப் படிக்க வராது, நீயே சொல்லு"ன்னாங்க. சொன்னேன். நின்னுக்கிட்டேதான் சொன்னேன். குடி இல்ல, குழிக் காத்துன்னு. நான் சொன்னது பொய்னு. எனக்கும் அப்படித்தான் தள்ளாடுச்சுன்னு.

அந்தம்மா அழல. முறத்தில் இருந்த பயறைப் பாத்துட்டே கேட்டாங்க. அப்புறம் சொன்னாங்க: "அவரு குடிக்கமாட்டாருன்னு எனக்குத் தெரியும்யா. பதினாலு வருஷம் கூடப் படுத்தவளுக்குத் தெரியாதா? நான் சொன்னதை என் பெரியவன்தான் நம்பல. நீ பெரிய மனுஷன் சொன்னியே, அதை நம்பிட்டான். அப்பன் திவசத்துக்கு இதுவரைக்கும் ஒரு தடவை தலை முழுகல அவன்."

பெரியவன் பேரு இளம்பரிதி. அன்னிக்கு எட்டாவது படிச்சிட்டிருந்தான். இப்ப ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன். ஞாயித்துக்கிழமையும் ஓவர்டைம் பாக்கறான்.

தாளை மடிச்சு என் கையிலேயே திருப்பிக் குடுத்துட்டாங்க. "ஆறு மணிக்கு வருவான். கோவக்காரன். அவன்கிட்ட நீயே படிச்சுக் காட்டிட்டுப் போ"ன்னாங்க.

பிளாஸ்டிக் நாற்காலி ஒண்ணு எடுத்துப் போட்டாங்க. அதில் உக்காந்துதான் எழுதறேன். மணி நாலரை. கார் சாவி பையில் இருக்கு, எழுந்து போனா தடுக்க ஆளில்ல. நெஞ்சு அடிச்சுக்குது, அந்த ரூமில் அடிச்ச மாதிரியே. தெருமுனையில் ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் நிமிர்ந்து பாக்கறேன்.

இப்ப ஒண்ணு வந்தது. அவன் இல்ல.

கோதண்டபாணி